கேரம் போர்டின் மேல் நிற்பவள்

ஜனவரியில் ஔலியில் பதினான்கு நாள்.
விழுந்தது நாற்பத்தொரு முறை.
எண்ணியது நானில்லை,
கூடத் தங்கிய லூதியானாக்காரி.
"உன் எடை எப்பவும் பின்னாலேயே நிற்கிறது" என்றாள்.
எனக்குப் புரிந்த நாலு இந்தி வாக்கியங்களில்
அதுவும் ஒன்று.

இப்போது கத்திரி.
தண்டையார்பேட்டை மொட்டைமாடி
செருப்பைத் தாண்டிச் சுடுகிறது.
அடுத்த பனிக்கு எட்டு மாதம்.

முனை உடைந்த போர்டு ஒன்று
கேரம் கிளப் சுவரில் சாய்ந்திருந்தது.
"இன்னாத்துக்குக்கா?" என்றான் சாதிக்.
"மேல ஏறி நிக்க."
ஸ்ட்ரைக்கரை அடிக்காமல் நிமிர்ந்து பார்த்தான்.
பிறகு
பாதி தீர்ந்த போரிக் பவுடர் டப்பாவையும்
சேர்த்துத் தந்தான்.

மெட்ரோ வாட்டர்காரர்கள் விட்டுப்போன குழாய்த் துண்டு,
அதன் மேல் போர்டு, போர்டின் மேல் நான்.
முதல் வாரம் இடுப்பு. அடுத்த வாரம் முழங்கை.
எதிர்மாடியில் நெத்திலி காயவைக்கும் தேசம்மாள்
காக்கை விரட்டிய கையோடு கேட்டாள்,
"சர்க்கஸ்ல சேரப்போறியாடி?"
இல்லையென்று சொல்லத் திரும்பியதில்
விழுந்தேன்.

பவுடரைத் தூவி காலுறையோடு நின்றால்
ஔலியில் பத்தில் ஒரு பங்கு கிடைக்கிறது.
மீதியை டோல்கேட் பஸ்ஸில் எடுத்துக்கொள்கிறேன்:
கம்பியைப் பிடிப்பதில்லை.
பிரேக் விழப்போவது
முதலில் கால் பெருவிரலுக்குத் தெரிகிறது,
அப்புறம் முழங்காலுக்கு,
கடைசியில்தான் எனக்கு.
"வுழுந்து கிழுந்து வெச்சா
நாந்தான் பதில் சொல்லணும்" என்கிறார் கண்டக்டர்.

வேலை, காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் பில் போடுவது.
அங்கே யாரும் பனி என்பதில்லை.
பார், அரை பார், தூள்.
மலைக்குப் போய் வந்ததைப் பற்றி
லோடு ஏற்றும் எத்திராஜ் மட்டும் ஒருமுறை கேட்டார்:
"அங்க பார் இன்னா விலை?"

தடைக்காலம்.
விசைப்படகுகள் தோளோடு தோள் கட்டிக் கிடந்தன.
பில் புத்தகத்தில் தேதிக்குக் கீழே ஒன்றுமில்லை.
மதியங்களில்
ஒரு படகின் தளத்தில்
கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்றேன்.
கட்டிய படகு ஓடும் படகைவிட மோசம்,
எந்தப் பக்கம் இழுக்கும் என்று
அதற்கே தெரியாது.
வலை முடிபவர்கள் ஐந்து ரூபாய் பந்தயம் கட்டினார்கள்.
பெரும்பாலும் எனக்கு எதிராக.

தடை முடிந்த இரவு
எல்லாப் படகும் ஒரே நேரத்தில் ஐஸ் கேட்டது.
முற்றம் முழுக்க உருகிய தண்ணீர், செதில், டீசல்.
சரிவில் வந்த பார் ஒன்று
கொக்கி நழுவி
என் பக்கம் திரும்பியது.

நகர்ந்தேன் என்று சொல்ல முடியாது.
முழங்கால் தானே மடிந்தது.
எடை முன்னால் போனது.
குதிகால் திரும்ப,
ரப்பர் செருப்போடு நாலடி சறுக்கி
மேஜையோரம் நின்றேன்,
கையில் பேனாவோடு.
பார் சுவரில் மோதி இரண்டானது.

எத்திராஜ் பார்த்தார்.
"ரெண்டு அரை பாருன்னு எழுதிக்கோ" என்று
அடுத்ததற்குக் கொக்கி போட்டார்.

லூதியானாவுக்குச் சொல்லப் போனை எடுத்தேன்.
திரையெல்லாம் ஈரம், எழுத்து நகரவில்லை.
துப்பட்டாவில் துடைப்பதற்குள்
பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்,
இருபது பார், பத்து தூள்,
சீக்கிரம்.