வலைக்கண்

மூன்று வாரமாக
வடிகட்டி தேடிக்கொண்டிருந்தேன்.
எத்தனை நட்சத்திரம், என்ன விலை, எத்தனை கருவிக்கு,
பதினான்கு நாள் இலவசம்.
வாகூர் விரிகுடாவின் காற்று
ஜன்னலைப் பிடித்து உலுக்கும் இரவுகளில்,
மரியுன் ஐஸ்லாந்துக்கு அப்பால் இழுவைப்படகில்
மீன் அறுத்துக்கொண்டிருக்க,
நான் சமையல் மேசையில்
மகளுக்கு வேலி விலை விசாரித்தேன்.

என் பிழைப்பே அதுதானே.
சால்மன் கூண்டுகளுக்கு வலை பார்ப்பவன்.
கண் பெரிதானால் சீல் மூக்கை நுழைக்கும்.
கண் சிறிதானால் பாசி அடைத்து
நீரோட்டம் நின்று
மூச்சுமுட்டிச் சாகும் மீன்,
பத்திரமாக.

மொழியைத் தேர்ந்தெடு என்றது.
நாற்பத்தொரு மொழி. எங்கள் ஃபாரோ மொழி இல்லை.
டேனிஷ் கொடுத்தேன்.
ஆக, சுன்வா தாய்மொழியில்
எவ்வளவு கெட்ட வார்த்தையும் பேசலாம்;
அதற்குக் காது கேட்காது.

வயது பதினொன்று.
வன்முறை, தடு.
நிர்வாணம், தடு. சூதாட்டம், தடு.
அந்நியருக்கென்று தனிக் கட்டம் இல்லை.
‘உரையாடல்: மிதமான கண்காணிப்பு’ என்றிருந்தது.
மிதம் நல்லதுதானே என்று
பொத்தானை அழுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை திமிங்கிலக் கூட்டம் வந்தது.
பள்ளியை விட்டுவிட்டார்கள். ஊரே கரையில்.
சுன்வா முழங்கால்வரை
சிவந்த தண்ணீரில் நின்று கயிறு இழுத்தாள்.
எங்கள் பங்கு இறைச்சியைக்
கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தாள்.
புதன்கிழமை, அதைப் பற்றிக் கட்டுரை.
படம் தேடினாள்.
திரையில் ஒரு கை எழுந்து மறித்தது:
இது உனக்கு உகந்ததல்ல.

“அப்பா, இது நம்ம வீட்டு வாசல்.”

கடவுச்சொல் போட அவளருகே உட்கார்ந்தேன்.
அதற்கு முன் எப்போது உட்கார்ந்தேன்,
ஞாபகமில்லை.
அப்போதுதான் மூலையில் ஒரு குமிழி.
விளையாட்டில் சேர்ந்து கோட்டை கட்டும் நண்பனாம்.
பன்னிரண்டு வயதாம்.
டேனிஷில் எழுதுகிறான், ஒரு பிழை இல்லாமல்.

அங்கே மழையா?
சாப்பிட்டாயா?
அம்மா இன்னும் கடலிலா?
அப்பா எத்தனை மணிக்கு வருவார்?

தப்பாக ஒரு சொல் இல்லை.
ஒவ்வொன்றின் கீழும்
பச்சையில் ‘சரி’ போட்டிருந்தது வடிகட்டி.

கடல்பேன் அப்படித்தான்.
குஞ்சாக இருக்கையில் எந்தக் கண்ணிலும் நுழையும்.
செதிலில் ஒட்டிய பிறகுதான் உருவம் எடுக்கும்.
வலையைத் திட்டிப் பயனில்லை.
பதினைந்து நாளைக்கொரு முறை
மீனைக் கையில் எடுத்து, புரட்டி,
ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.
கூண்டுக்கு லட்சம் கண்;
ஒன்றுகூட என்னுடையதில்லை.

கத்தவில்லை. கத்த வேண்டும் போலிருந்தது.
“யார் இவன்?”
தோளைக் குலுக்கினாள்.
கெட்டில் கொதித்து அடங்கிய பிறகு
வடிகட்டிக்குக் கேட்காத மொழியில் சொன்னாள்:
“சாப்பிட்டியான்னு அவன்தான் கேக்கிறான்.”

தோர்ஷாவனுக்குப் போன் போட்டேன்.
பெயர் கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள்.
மரியுனுக்குக் கப்பல் வழியே சொன்னேன்.
பாதி காற்றில் போயிற்று,
மீதிப் பாதிக்கு அவள் எதுவும் சொல்லவில்லை.
சந்தாவையும் கட்டினேன், ஓராண்டுக்கு.
வலை இல்லாமல் யார் கூண்டு இறக்குவார்கள்?

அடுப்பின் மேல்
திமிங்கிலமும் உருளைக்கிழங்கும் ஆறிக் கிடந்தன.
“சாப்பிட்டியா?” என்றேன்.
கடன்வாங்கிய வார்த்தை போலிருந்தது வாயில்.
“நீயும்தான் சாப்பிடலை.”

இரண்டு தட்டு எடுத்து வைத்தேன்.
படம் இப்போது திறந்துதான் இருந்தது;
அவள் பார்க்கவில்லை.
சிவப்புப் பென்சிலால்
தானே வரைந்துகொண்டிருந்தாள்,
தாள் கிழிகிற அழுத்தத்தில்.