கண்ட கண்ட சொற்கள்

கச்சேரி மேல்மாடி.
மின்விசிறியின் சத்தத்தில் மட்டும் இருக்கிறது காற்று.
மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.
இந்தப் பக்கம், கிண்ணியாப் பாலம் தாண்டி
முதல் பஸ்ஸில் வந்த நேசமலர்.
இடையில், கதிரை நுனியில் நான்:
நாளொன்றுக்கு இவ்வளவு என்று
கூலி பேசிய வாய்.

அவ சொன்னா, "கண்டனான்."
நான் அதை ஆங்கிலத்தில் ஓரசையாகப் போட்டேன்.
நடுவில் இருந்தவரின் பேனா நின்றது.
சீ-யா, லுக்-கா, வாட்ச்-சா?
தானாகக் கண்ணில் பட்டதா,
திரும்பிப் பார்த்தாவா,
இல்லை, நின்று பார்த்துக்கொண்டே இருந்தாவா?
அப்படியென்றால் எவ்வளவு நேரம்?

ஆங்கிலத்துக்குக் கண்கள் அதிகம்.
ஒன்று இமைக்குமுன் முடிந்துவிடும்.
ஒன்று வேலிக்கு மேலால் எட்டும்.
ஒன்று சம்பளத்துக்கு இரவு முழுக்க முழித்திருக்கும்;
எங்கள் துறைமுக வாசலில் அதற்கு
வாச்சர் என்று பேர், கையில் ஒரு டோர்ச்.
உப்புவெளியில் படகுக்காரன் அதே சொல்லைப்
பலகையில் எழுதி ஆளுக்கு இத்தனை என்று வாங்குகிறான்,
திமிங்கிலம் வராத நாளிலும்.

நேசமலரிடம் கேட்டேன்.

"பாண் வாங்கப் போனனான்.
லொறி நிண்டது. அவரை ஏத்தினதைக் கண்டனான்.
அவரும் என்னைப் பாத்தவர்.
பேந்து நிண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.
கையில பாண் சூடாக் கிடந்தது.
அது ஆறுமட்டும்."

அது ஆறுமட்டும்.
மூன்று வினைச்சொற்களையும் வரிசையில் வைத்துவிட்டேன்.
பாணிடம் வந்து தடுக்கி நின்றேன்.
எத்தனை நிமிடம் என்று அவர்கள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

பெரியவர் தலையை ஆட்டினார். "ஐ சீ."

அவ என் பக்கம் சரிந்தா.
"ஏன் சீ எண்டுறார்?"
அந்தச் சீ இல்லை அக்கா, விளங்குதாம்.
விளங்கினாலும் அவை கண்டதெண்டுதான் சொல்லுவினம்.
"காணாமலோ?"

நான் தண்ணீர்க் கிளாஸை எடுத்தேன்.

படிவத்தில் ஏழாவது கேள்வி:
கடைசியாகக் காணப்பட்ட இடம்.
ஆங்கிலப் பக்கத்திலும் அப்படித்தான்,
கண்டவர் இல்லாத ஒரு காணல்;
யாருடைய கண் என்று எழுதக் கோடும் இல்லை.
எட்டாவதில் அவர்கள் மிஸ்ஸிங் என்று எழுதினார்கள்.
அந்தச் சொல்லை நான் பஸ்ஸுக்கும் சட்டைப் பொத்தானுக்கும்
பாவித்திருக்கிறேன்.
அதில் ஒரு கண்ணும் இல்லை.
தமிழில் எழுதினால், காணாமல்.
போனவரின் பேருக்குள்ளேயே
காணாத ஒருவர் எழும்பி நிற்கிறார்.

எங்கள் பாஷை சுத்தம் என்று சொல்ல வரவில்லை.
கீழே கவுண்டரில் கிளார்க் "பாப்பம்" என்பார்.
பார்க்கமாட்டேன் என்பதற்கு
அதைவிட மரியாதையான சொல்லை
எந்த நாட்டான் வைத்திருக்கிறான்?

முடிவில் அவர்கள் கேட்டார்கள்,
வேறு ஏதும் சொல்ல இருக்கா.
அவ ஜன்னலைப் பார்த்தபடி சொன்னா:
"அவர் இருக்கிறது எனக்குத் தெரியுது."

தெரியும் அல்ல, தெரியுது.
அறிவதற்கும் தென்படுவதற்கும்
நாங்கள் வைத்திருக்கும் ஒரே கதவு.
உட்துறைமுகத்தில் அப்போது ஒரு இழுவைப் படகு,
அதன் பின்னால் வெள்ளைக் கோடு.
ஜன்னலில் வேறொன்றும் இல்லை.
நான் பார்த்தேன். திரும்பியும் பார்த்தேன்.

ஷீ நோஸ், என்றேன்.
எழுதிக்கொண்டார்கள்.

பின்னேரம் பஸ் நிலையத்தில் புள்ளிமானொன்று
யாரோ எறிந்த கடதாசியை மென்றுகொண்டு நின்றது,
இரு பக்கமும் அச்சடித்தது.
மூதூர் பஸ்ஸின் பின் ஜன்னலில் அவ.
கை காட்டினேன்.
அவ பார்த்தா.
கண்டாவோ தெரியாது.