பழுதின் தன்மை

படிவத்தில் முதல் கட்டம்: வாகன உரிமையாளர்.
தவமலர் த/பெ இருசன் என்று எழுதிவிட்டுப்
பேனாவைத் தூக்கினேன்.
இன்னும் நாற்பத்தொரு மாதத்துக்கு
அந்த வேன் பேங்குடையது.
டயர் பிய்ந்தால் மட்டும் என்னுடையது.

சம்பவ இடம்: சிலிம் ரிவர்,
செம்பனை ஆலைக்குத் திரும்பும் வளைவு.
நேரம்: பிற்பகல் ஒன்று நாற்பது.
பயணிகள்: பதினொருவர். எல்லாரும் தமிழ்ப்பள்ளி,
பாதிப்பேர் தூக்கம்.

அடுத்தது, பழுதின் தன்மை.
இரண்டே கோடு போட்டிருக்கிறார்கள்.

முதலில் ஈரத்துணியைக் கல்லில் அடிக்கும் சத்தம்.
அப்புறம் அதுவே வேகமாக.
பின் இடது சக்கரம் தன் தோலைத் தானே உரித்து
சாலையில் கறுப்பு நாடாவாகப் போட்டுவிட்டது.
காற்று இறங்கவில்லை, அதுதான் விசித்திரம்.
வேன் சாக்கடைப் பக்கம் சாய்ந்து
கொஞ்சம் யோசித்து, நேரானது.
யாஷ்வினியின் தண்ணீர்ப் போத்தல் உருண்டு வந்து
பிரேக்குக்கு அடியில் நின்றிருந்தது.
என் கால் முதலில் பட்டது அதில்தான்.
இதை நான் எழுதவில்லை.

கடைக்கார ஆ லெக் பார்த்த மாத்திரத்தில் சொன்னான்:
"நீ ஏத்துனது கூட."
மறுநாள் ஸ்பேர் டயரோடு, பிள்ளைகளோடு,
பழக்குலை லோரிகளுக்கு நடுவில் வரிசையில் நின்று
ஆலை எடைப்பாலத்தில் வேனை ஏற்றினேன்.
கிஷேந்திரன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்,
எடை குறையுமாம்.
அனுமதித்ததைவிட அறுநூறு கிலோ குறைவு.
பாட்ஸில் சிரித்துக்கொண்டே சீட்டு அடித்துத் தந்தான்.
சரக்கு வகை என்ற இடத்தில்
அந்த மெஷினுக்கு ஒரு வார்த்தைதான் தெரியும்:
பழக்குலை.
அதையும் படிவத்தோடு பின் குத்தினேன்.

டயரின் பக்கச்சுவரில் எல்லாம் எழுதியிருக்கிறது,
மண்டியிட்டால் தெரியும்.
தேய்மானம் 280. பிடிப்பு ஏ. வெப்பம் பி.
பிள்ளைகளின் தேர்ச்சி அட்டை மாதிரி,
ஆனால் ஆசிரியர் கையெழுத்து இல்லை.
பிறந்த தேதி 2319:
பத்தொன்பதாம் ஆண்டு, இருபத்து மூன்றாம் வாரம்.
காலண்டரைத் தேடிப் பார்த்தேன். நோன்புப் பெருநாள் வாரம்.
ஊருக்குப் போகமுடியாத யாரோ ஒருத்தர்
இரட்டை ஷிப்ட் நின்றிருக்கலாம்.
அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.
நாலு வருஷம் கடை மூலையில் வெந்து கிடந்ததைப்
புதுசென்று விற்ற கைமேல் வருகிறது.
ஒருகாலத்தில் இந்த ஊர்ப் பால்மரமும்
ஏதோ ஒரு டயரில் ஓடியிருக்கும்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்று வாரம் கழித்து போனில் ஒரு பெண் குரல், மரியாதையாக:
உங்கள் புகார் பதிவாகிவிட்டது, புவான்.
இதே டயரைப் பற்றி வேறு யாரும் சொல்லவில்லை.
இது தனிச் சம்பவம்.

தனியா என்று பார்க்க
பசார் மாலாம் இரவில் டார்ச்சோடு போனேன்.
ஒவ்வொரு சக்கரத்துக்கும் குனிந்தேன்.
தோடு தொலைந்ததா என்று கேட்டார்கள்,
இரண்டு பேர் கூடவே தேடவும் செய்தார்கள்.
ஐஸ் லோரியில் 2319.
அப்பளக்காரர் வேனில் 2319.
கோயில் பின்புறம் சன்னாசி ஓட்டும் சவ வண்டியில்
நாலு சக்கரமும் 2319.

சன்னாசி சிரித்தார்:
"நம்ம வண்டியில ஏறுறவங்களுக்கு இனிமே என்ன பயம்?"
"திரும்பி வர்றப்ப நீங்கதானே ஓட்டுறீங்க?"

சிரிப்பு நின்றது.
குந்தி உட்கார்ந்து முன் டயரைத் தடவினார்.
தோள்பட்டையில் ஒரு வீக்கம்,
பல்வலிக் கன்னம் போல.

அவருக்கு எழுத்து கூட்டத்தான் வரும்.
பானெட்டில் புதுப் படிவத்தை விரித்து நானே எழுதினேன்.
உரிமையாளர்: மரண சகாய சங்கம்.
பயணிகள்: ஒருவர், அப்புறம் யாருமில்லை.

பழுதின் தன்மை என்று வாசித்தேன்.
ரொம்ப நேரம் அந்த வீக்கத்தையே பார்த்தார்.
"இன்னும் ஒண்ணும் நடக்கல" என்றார்.

அதையே எழுதினேன்.
முதல் கோட்டிலேயே அடங்கிவிட்டது.