ஒன்பதாம் வரி

வர்த்தமானி வந்த வெள்ளிக்கிழமையே
முத்திரை வெட்டக் கொடுத்துவிட்டார் உறுப்பினர்.
பெயருக்குக் கீழே கட்சிச் சின்னம் வரலாமோ என்று
கடைக்காரனிடம் கேட்டாராம்.
வராது என்றவன்
அவருக்கே புள்ளடி போட்டவன்.

இனி மாகாணசபைக்குத் தெரிவான எவரும்
உறுதி முடிக்கலாம், சத்தியக்கடதாசி எடுக்கலாம்,
மூலப்பிரதியோடு ஒத்தது என்று எழுதிக்
கையொப்பம் வைக்கலாம்.
சனத்துக்கு அலைச்சல் குறையும் என்றார்கள்.
பொய்யில்லை.
சாவகச்சேரியில் ஒரு நொத்தாரிசைப் பிடிக்க
வழக்கில்லாத நாள் பார்த்து வரவேண்டும்.
வந்தால் அவர் கொழும்பில்.

எனக்கு இருபத்திரண்டு வருசம் இந்தத் தட்டச்சு.
முதலில் நொத்தாரிசு அருளம்பலவாணரிடம்,
அவருடைய கண் மங்கிய பிறகு இந்தக் கந்தோரில்.
இவருக்கு மேடை தெரியும், உறுதி தெரியாது.
அதற்குத்தான் நான்.

முதல் உறுதிக்கு வந்தவ நேசமலர், மட்டுவில் வடக்கு.
நுண்கடன்காரர் மூன்று பேர்,
செவ்வாய் ஒருவன், புதன் ஒருவன், சனி ஒருவன்.
விற்பது கள்ளியடைப்பு என்னும் காணியில்
இரண்டு பரப்பு ஏழு குழி.
கிழக்கு ஒழுங்கை, வடக்கு தம்பிமுத்து பெண் அன்னலட்சுமி,
மேற்கும் அவவே, தெற்கு வாய்க்கால்.
கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு.

வாசித்து விளங்கப்படுத்த வேண்டும் என்பது சட்டம்.
எழும்பி நின்று வாசித்தார்.
தெற்கெல்லையில் குரல் உயர்ந்தது,
கைதட்டுக்குக் கொஞ்சம் நின்றது,
பேந்து தானாகவே இறங்கியது.

அத்தாட்சிப் பகுதி. ஒன்பதாம் வரி.
‘மேற்படி நேசமலரை நான் நன்கு அறிவேன்.’

‘திருப்பி வாசியுங்கோ.’
வாசித்தார்.
‘ஆரை?’
‘உங்களைத்தான் அம்மா.’
‘என்னையோ?’

கோபமில்லை அந்தக் குரலில்.
கடையில் மிச்சக்காசு எண்ணிப் பார்க்கிறமாதிரி.

‘ரெண்டு தரம் படலைக்கு வந்தனீங்கள்.
நாய் குலைச்சது, உள்ளுக்கு வரேல்லை.
பேர் என்ன எண்டு கேட்டு
கொப்பியிலை எழுதினீங்கள்.
இப்ப கதிரையிலை இருத்திப்போட்டும்
அதைத்தானே கேட்டனீங்கள்.’

அவர் சிரித்தார்.
அது எல்லா உறுதியிலும் இருக்கிற வசனம் என்று
என்னைப் பார்த்தார்.
நான் தட்டச்சுப்பொறியின் ‘ற’வைப் பார்த்தேன்.
அது கொஞ்சநாளாய் இறுகிப்போய் இருக்கிறது.

பிறகு சொன்னேன்.
நொத்தாரிசுக்கு ஆளைத் தெரியாவிட்டால்
சாட்சிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
அதற்கும் ஒரு வசனம் இருக்கு, ஐயா.
இருபத்திரண்டு வருசத்தில்
நாலு தரம் அடித்திருப்பேன்.

சாட்சிக்கென்று வாங்கில் இருத்தியிருந்த
கட்சிப் பொடியள் இருவரும்
ஃபோனிலிருந்து தலை நிமிர்த்தி
அவவைப் பார்த்தார்கள்,
முதல்தரமாக.

நேசமலர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனா.
கால் மணித்தியாலம்.
உறுப்பினர் இரண்டு அழைப்பை எடுக்காமல் விட்டார்,
மூன்றாவதை எடுத்து, ‘கூட்டத்தில் நிக்கிறன்’ என்றார்.

வந்தபோது கூட இரண்டு பேர்:
சந்தையில் கீரை விற்கிற பாக்கியநாயகி,
கையில் மண் காயவில்லை.
மினிபஸ் கொண்டக்ரர் றொபின்சன்,
தோளில் காசுப்பை.

‘இவவைத் தெரியுமோ?’

‘முதல் பஸ், முன் சீற்.
அஞ்சு ரூபா மிச்சத்தை இறங்கும்வரைக்கும் கேப்பா’
என்றான் அவன்.
பாக்கியநாயகி ஒன்றும் சொல்லவில்லை.
அவவின் சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த
வைக்கோலை எடுத்துவிட்டா.

மூன்று பிரதியிலும் வெட்டவேண்டும், ஐயா.
வெட்டினார்.
பேனை ஒருதரம் மக்கர் பண்ணியது.
நான் அடித்தேன்:

‘கையொப்பமிடுமுன் ஒன்பதாம் வரியில்
நான் நன்கு அறிவேன் என்ற சொற்கள் வெட்டப்பட்டு
சாட்சிகள் நன்கு அறிவர் என எழுதப்பட்டது
என்பதையும் அத்தாட்சிப்படுத்துகிறேன்.’

அதன் கீழே அவருடைய பெயர், புது முத்திரை,
மை கொஞ்சம் கூடிப்போயிற்று.

ஒரு பிரதி வாங்கினவருக்கு.
ஒன்று எங்கள் அலுமாரியில்.
மற்றது காணிக் கந்தோருக்குப் போகும்.
அங்கே ஐந்து வருசத்துக்கு ஒருமுறை
எதையும் மாற்றுவதில்லை.