மூலைக் கட்டம்

ஆரணி ரோட்டுக் கல்யாண மண்டபம்.
நேற்றைய மாப்பிள்ளையின் பெயர் தெர்மாகோலில்
பாதி உதிர்ந்து மேடையில் நிற்கிறது.
கீழே ஐந்தாம் சுற்று. நாற்பத்தோராம் பலகை,
மின்விசிறி எட்டாத மேசை.

எதிரே நயீமுர் ரஹ்மான், பேரணாம்பட்டு,
தோல் கெமிக்கல் கடை.
நான் காட்பாடி பார்சல் ஆபீஸ்.
ரேட்டிங்கில் அவரைவிடப் பதினேழு புள்ளி ஒசத்தி.
அந்தப் பதினேழை நேற்று ராத்திரியே
இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தேன்.

கோட்டைக்கு ராஜா இல்லை என்பார்கள் எங்கள் ஊரை.
பன்னிரண்டு நகர்த்தல்வரை
என் ராஜாவுக்குக் கோட்டை இல்லை.
அவர் குதிரை உள்ளே வந்து
எதையோ மோந்துவிட்டுத் திரும்பிப் போனது.
எதைத் தவறவிட்டது என்று
இன்றைக்கும் அவரிடம் சொல்லவில்லை.

முப்பத்தொன்றில் ராணிகள் போயின.
யானைகள் ஒன்றையொன்று தின்று தீர்ந்தன.
எனக்கு ஒரு சிப்பாய் கூட.
"டிரா?" என்றார். ஏலக்காய் வாசம்.
தலையை ஆட்டினேன், இல்லையென்று.

மிச்சமிருந்த என் மந்திரி வெள்ளைக் கட்டத்தில்,
அவருடையது கறுப்பில்.
ஒரே தெருவில் குடியிருந்து
ஒருநாளும் முகம் பார்த்துக்கொள்ளாத இரண்டு பேர்.
அவர் வாய்க்குள் "ஊன்ட், ஊன்ட்" என்று முனகினார்.
அவர்கள் வீட்டில் அது ஒட்டகமாம்.

நாற்பத்தெட்டில் மறுபடி, "டிரா?"
எனக்கு ஆறு நிமிஷம். அவருக்கு மூன்று.
பாலாற்று மணலில் ஊற்று தோண்டுகிறவனாக
இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி.
ஈரம் தெரிந்தது.

ஒட்டகம் என் நடுச் சிப்பாயைத் தின்றது.
என் ராஜா ஒட்டகத்தைத் தின்றார்.
ஜெயித்துவிட்டதாக நான் நம்பியது
சுமார் ஒன்பது விநாடி.

அவர் ராஜா நிதானமாக நடந்துபோய்
எச்-எட்டில் உட்கார்ந்தார்.
என் ஓரச் சிப்பாய் ராணியாக வேண்டிய வாசல் அது.
கறுப்பு.
ஆயுசுக்கும் வெள்ளையில் நடக்கிற என் மந்திரி
அந்த வாசற்படியை மிதிக்க முடியாது.
நெருக்கினால் நகர இடமில்லை;
நகர இடமில்லை என்றால் அதுவும் டிராதான்.
தெரிந்தும் பதினோரு முறை சுற்றி வந்தேன்.
இன்றைய கல்யாணத்துச் சமையல்காரர்கள்
வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு
எங்கள் பின்னால் நின்று பார்த்தார்கள்.

கை கொடுத்தேன்.
அவர் நகத்தோரத்தில் குரோம் நீலம்.
தாளில் அரை, அரை.

வெளியே டீக்கடையில் அவர்தான் ஆரம்பித்தார்.
"உங்க ஒட்டகத்து மேல தப்பில்ல சார். மூலைதான் சரியில்ல."
"எங்களுக்கு அது மந்திரி."
டீயை ஊதியபடி ரொம்ப நேரம் யோசித்தார்,
கடிகாரம் ஓடாத யோசனை.
"மந்திரின்னா," என்றார்,
"கஷ்டம்தான்."