சகோதர நகரத்துக்கு ஒரு பக்கம்

போலந்திலிருந்து ஒரு பக்கம் வந்திருக்கிறது.
நடுத்தரத் தொழில் நகரம், அவர்களே சொல்கிறார்கள்.
ஆறு ஒன்று, ட்ராம் வழி நான்கு,
மூடிய நிலக்கரிச் சுரங்கம் இரண்டு,
சலவை இயந்திரம் செய்யும் தொழிற்சாலை,
பனிக்குள் புகைபோக்கிகள்.
"இதே அளவில் திருமலையைப் பற்றி எழுதுங்கோ" என்றார்
செயலாளர் ஹிதாயத்துல்லா.
"கோயில், கடற்கரை வேண்டாம்.
அது சுற்றுலாக்காரர் பாடு."

அமைவிடம்:
கடல் உள்ளே நுழைந்து பார்த்துவிட்டுத்
திரும்பிப் போக மனமில்லாமல் நின்ற இடம்.
வெட்டினேன்.
'இயற்கைத் துறைமுகம்.'

மக்கள்தொகை:
கணக்கெடுக்க வந்த நாளில் வீட்டில் இருந்தவர்கள்
ஒரு லட்சம் சொச்சம்.
கட்டாரில் இருப்பவர்களையும்
தாய்மார் இன்னும் பெயர் வெட்ட விடாதவர்களையும்
எந்தக் கூட்டுக்குள் எழுதுவது?

தொழில்:
இங்கே விளையாத கோதுமை
கப்பலில் வந்து சீனக்குடாவில் மாவாகிறது.
எங்கோ சுட்ட கல் இங்கே சீமெந்தாகிறது.
எண்ணெய்த் தாங்கிகள் நூறுக்கு ஒன்று குறைவு.
காட்டுக்குள் ஒன்றின் கூரையைப் பிளந்து
மரம் வெளியே வந்துவிட்டது;
அதையும் கொள்ளளவில் சேர்ப்பதா?

சம்பூரில் அனல்மின் நிலையம் வரவில்லை.
அதன் வேலி வந்தது.
வேலிக்கு வெளியே தறப்பாளின் கீழ்
பிள்ளைகள் ஓ.எல். வரை படித்து முடித்தார்கள்.
அவர்களிடம் மூடிய சுரங்கம்,
எங்களிடம் மூட்டாத உலை.
இந்த இடத்தை ஹிதாயத்துல்லா இரண்டு தரம் வாசித்தார்.
பேனையை மூடினார். ஒன்றும் சொல்லவில்லை.
போன பிரதியில் அது இல்லை.

பசுமைப் பரப்பு, சதவீதம்:
பஸ் நிலையத்தில் சுரண்டி எறிந்த
லொத்தர் சீட்டுகளைத் தின்று நிற்கும் மான்கள்.
(இதை எப்படியோ விட்டுவிட்டார்.)

மூன்று கிழமை கழித்து ஒரு மின்னஞ்சல்.
அங்கே என் கதிரையில் இருப்பவள், பெயர் போஷேனா.
'பக்கம் கிடைத்தது, நன்றி.
ஒன்று கேட்கலாமா?
இரண்டு மணி ஷிப்ட் முடிந்தவர்கள்
எதில் வீட்டுக்குப் போவார்கள்?
இங்கே எட்டாம் இலக்க ட்ராம்.
என் அம்மா அதில் நின்றபடியே தூங்குவாள்.'

மாவு ஆலை வாசலில் நான் நின்று பார்த்ததில்லை.
அன்று போனேன்.
லியாக்கத்தின் பழைய பைக், பின்னால் அவன் மச்சான்,
இரண்டு பேருக்கும் இமை வெள்ளை.
கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும்
காற்று அவர்களைத் தட்டிக் கறுப்பாக்கிவிடுமாம்.

பதில் எழுதினேன்:
மோட்டார் சைக்கிளில்.
தூங்க முடியாது,
பாலம் நீளம்.