ஒன்பதரை அங்குலம்

தடாவில் பிடித்த வாடகை வீட்டில்
சமையலறை அலமாரி
பத்து அங்குலத் தட்டை வைத்தால் மூடாது.
பேக்கிங் பிரிவில் எனக்குக் கொடுத்திருந்த
மஞ்சள் டேப்பால் அளந்து பார்த்தேன்:
ஒன்பதரை.
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு
ஞாயிறு காலை சூளூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.
ரத்தினம் தூங்கிக்கொண்டிருந்தான்.

பரண்மேல் எவர்சில்வர் இருக்கிறது,
கல்யாணத்துக்கு வந்த இருபத்துமூன்று தட்டுகள்.
ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர்
புள்ளி புள்ளியாய்.
"மு.தேசிங்கு குடும்பத்தார், கவரப்பேட்டை" மேல்
சோறு பிசைய எனக்கு ஆட்சேபணை இல்லை.
மைக்ரோவேவுக்குத்தான் தேசிங்கு ஆகவில்லை.
போன மாதம் உள்ளே நீலப்பொறி பறந்தது.

மெலமைன் பார்த்தேன். விழுந்தால் உடையாது.
சூட்டில் வைக்கக் கூடாதாம். சரி, வேண்டாம்.
கறுப்புக் கல் மாதிரி ஒன்று,
கையில் எடுத்தால் அம்மி.
பழவேற்காட்டுப் பூநாரை போட்ட தட்டை
கடைக்காரம்மா துடைத்துத் துடைத்துக் காட்டினாள்.
அழகுதான்.
ஆனால் ஒற்றைக் காலில் நிற்கிற ஒன்றின்மேல்
தினமும் சாம்பார் ஊற்ற
எனக்கு மனசு வரவில்லை.

வெள்ளை போதும்.
ஒன்று உடைந்தால் இன்னொரு வெள்ளை
எந்த ஊரிலும் கிடைக்கும்.
சுற்றிலும் விளிம்பு எழும்பி நிற்க வேண்டும்.
சப்பைத் தட்டில் ரசம்
மேசைக்கும் மடிக்கும் குடிபெயர்ந்துவிடும்.
கிண்ணத்தைக் கவிழ்த்தால்
தட்டின் குழியில் அசையாமல் உட்கார வேண்டும்.
இதை நான் பத்துத் தட்டிலாவது கவிழ்த்துப் பார்த்தேன்.
கடைக்காரம்மாவுக்கு விளங்கவில்லை.
"மூடிதான் தனியா விக்கிறமே?"

மூடி தொலையும் அம்மா.
எங்கள் வீட்டில் மூடியைத் தேட ஆளில்லை.
விடியக்காலை ஐந்தேகாலுக்கு நான் கம்பெனி பஸ்ஸில் ஏறினால்
ராத்திரி ஷிப்ட் முடிந்து அவன் வருவான்.
சாயங்காலம் அவன் ஏறிப்போன பிறகு நான்.
வரதய்யபாளையம் திருப்பத்தில்
இரண்டு பஸ்ஸும் எதிரெதிரே கடக்கும்.
எந்த ஜன்னல் என்று
இதுவரை இருவருக்கும் தெரியாது.

"செட்டு பிரிக்க மாட்டம்மா.
இருபத்தேழு உருப்படி, ஒரே ரேட்டு.
எத்தனை பேரு நீங்க?"
"ரெண்டு."
"விருந்தாளி வந்தா?"
அந்த வீட்டுக்கு நாங்களே மாறி மாறி
விருந்தாளிகள் என்று சொல்ல வந்து
"நாலா கொடுங்க" என்றேன்.
அரைமணி நேரம் தெலுங்கில் ஒன்று தமிழில் ஒன்றாய்ப் பேசி,
தூசு படிந்த பழைய பெட்டியிலிருந்து
நான்கு தட்டு, நான்கு கிண்ணம்,
ஜோடி சேராத இரண்டு கோப்பை.
விரல் மடக்கித் தட்டினேன், எல்லாம் கணீரென்றன.
படம் அனுப்பினேன். மதியம் பதில் வந்தது:
"எதுனாலும் ஓகே."

பதினோராம் நாள் ஒரு கோப்பையின் காது போயிற்று.
யார் உடைத்தது என்ற பேச்சு எழவில்லை,
எழ நேரமில்லை.
இப்போது அதில் ஸ்பூன் நிற்கிறது.

நேற்று ஆறேமுக்காலுக்குக் கதவைத் திறந்தேன்.
மைக்ரோவேவுக்குள் தட்டு,
மேலே கவிழ்த்த கிண்ணம், அசையாமல்.
உள்ளே உப்புமா, ஓரமாய் ஊறுகாய்.
சூடு செய்தால் ஊறுகாய் கசக்கும் என்று
நூறு முறை சொல்லியாயிற்று.
தொட்டிப் பக்கம் அவன் குடித்துக் கழுவிய கோப்பை
தலைகீழாய்.
மேலே திரும்பிய அதன் அடிக்குழியில்
ஒரு ஸ்பூன் தண்ணீர்
இன்னும் காயாமல்.
விளக்கைப் போட்டதும் அது மினுங்கியது.
துணி எடுத்துத் துடைக்கப் போனவள்
துடைக்காமல் சாப்பிட உட்கார்ந்தேன்.

தட்டின் முதுகில் விலைச்சீட்டுப் பசை
இன்னும் போகவில்லை.
தேங்காயெண்ணெய் தடவி ஒரு மூலையைச் சுரண்டியிருக்கிறான்.
மிச்சத்தை எனக்கு வைத்திருக்கிறான்.